நெருப்பில் பிறந்த மலைக்குள் ஒரு மருத்துவர்

பாலைவனம் என்றதும் உங்கள் கண்முன் என்ன தோன்றுகிறது? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல், அதன்மேல் வரிசையாக நடக்கும் ஒட்டகங்கள், ஓரமாக இரண்டு பேரீச்ச மரங்கள். அவ்வளவுதானே? நான் ஆசிரியராக இருந்த காலத்தில் சஹாரா பாடம் நடத்தும்போது கரும்பலகையில் நானும் அப்படித்தான் படம் போடுவேன்.

ஆனால் அந்தச் சஹாராவின் நடுவிலே ஒரு கரிய மலைத்தொடர் இருக்கிறது. அதன் பெயர் திபெஸ்தி. ஆப்பிரிக்காவில் உள்ள சாட் நாட்டின் வடகோடியில் அது எழுந்து நிற்கிறது. அதன் வடக்கு ஓரம் லிபியா நாட்டுக்குள்ளும் நீள்கிறது. சஹாரா பாலைவனத்திலேயே மிக உயரமான சிகரம் இங்கேதான் உள்ளது. எமி கூசி என்பது அதன் பெயர். உயரம் சுமார் 3,400 மீட்டர்.

மணல் பாலைவனத்தில் இவ்வளவு பெரிய மலை எங்கிருந்து வந்தது? அது நெருப்பில் பிறந்த மலை. பூமிக்குள்ளிருந்து பொங்கி வந்த பாறைக் குழம்பு குளிர்ந்து, அடுக்கடுக்காக உறைந்து உருவான மலை.

தெடா என்னும் மக்கள் பல நூற்றாண்டுகளாக அந்த மலையில் வாழ்ந்து வருகிறார்கள். அதன் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் நீர்ச்சுனையும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் 1869 ஆம் ஆண்டு வரை ஐரோப்பியர் வரைந்த வரைபடங்களில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த மலைக்குள் போய், பார்த்ததை எழுதி வைத்த முதல் ஐரோப்பியர் ஒரு மருத்துவர். அவர் பெயர் குஸ்தாவ் நாக்டிகால். உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்னும்படியாக அமைந்தது அவரது பயணம்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

நாக்டிகால் 1834 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 ஆம் தேதி பிறந்தார். இன்றைய ஜெர்மனியில் ஸ்டெண்டால் நகருக்கு அருகே உள்ள ஐக்ஸ்டெட் என்னும் சிற்றூர்தான் அவர் பிறந்த ஊர். அவருடைய தந்தை ஒரு பாதிரியார். நாக்டிகால் சிறுவனாக இருந்தபோதே தந்தை நுரையீரல் நோயால் இறந்துவிட்டார்.

நாக்டிகால் நன்றாகப் படித்தார். மருத்துவப் பட்டம் பெற்று ராணுவ மருத்துவராக வேலையில் சேர்ந்தார். நல்ல வேலை, நல்ல மதிப்பு. வாழ்க்கை சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால், தந்தையைக் கொண்டுபோன அதே நுரையீரல் நோய் மகனையும் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. குளிர்நாட்டை விட்டு வெப்பமான, உலர்ந்த காற்றுள்ள இடத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் ஒரே வழி.

1862 ஆம் ஆண்டு அவர் வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். முதலில் அல்ஜீரியா. மறு ஆண்டு துனிஸ். அங்கே மருத்துவம் பார்த்தார். அரபு மொழியைக் கற்றுக்கொண்டார். துனிஸ் ஆட்சியாளரின் மருத்துவர்களில் ஒருவராகவும் ஆனார். சூடான காற்று அவருக்கு ஒத்துக்கொண்டது. உடல் தேறியது. ஆறு ஆண்டுகள் ஓடின. சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் எண்ணத் தொடங்கிய நேரத்தில்தான் அந்த வாய்ப்பு வந்தது.

அரசரின் பரிசுப் பொருட்கள்

சஹாராவுக்குத் தெற்கே, சாட் ஏரிக்கரையில் போர்னு என்னும் அரசு இருந்தது. அதை ஆண்டவர் ஷேக் உமர். பாலைவனத்தைக் கடந்து வந்த ஜெர்மானியப் பயணிகள் பலருக்கு அவர் அடைக்கலமும் உதவியும் கொடுத்திருந்தார். அதற்கு நன்றி சொல்லும் வகையில் பிரஷ்ய நாட்டு அரசர் வில்லியம் பரிசுப் பொருட்களை அனுப்பினார். ஒரு சிம்மாசனம், துப்பாக்கிகள், கடிகாரம், அரச குடும்பத்தாரின் படங்கள் எல்லாம் அதில் இருந்தன.

இவற்றைப் பாலைவனத்தின் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? ஆய்வுப் பயணியான கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் அந்தப் பொறுப்பை நாக்டிகாலிடம் ஒப்படைத்தார். நோயைத் தேற்றிக்கொள்ள வந்த மருத்துவர் இப்படித்தான் பாலைவனப் பயணி ஆனார்.

1869 பிப்ரவரியில் திரிபோலி நகரிலிருந்து ஒட்டகங்களுடன் புறப்பட்டார். அவருடன் வந்தவர்களில் ஒருவரை நாம் மறக்கக்கூடாது. அவர் பெயர் முகம்மது அல் கத்ரூனி. வயதானவர். பாலைவனப் பாதைகளை நன்கு அறிந்தவர். புகழ்பெற்ற பயணி ஹைன்ரிக் பார்த் 1850களில் செய்த நீண்ட பயணத்திலும் துணைக்குச் சென்றவர் இவர்தான். பயணிகளின் பெயர்கள் புத்தக அட்டையில் வரும். அவர்களைப் பத்திரமாகக் கூட்டிப்போன இவரைப் போன்றவர்களின் பெயர்களோ உள்ளே எங்கோ ஒரு வரியில்தான் வரும்.

லிபியாவின் தெற்கே உள்ள முர்சுக் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து போர்னுவுக்குப் போகத் துணையாகப் பெரிய வணிகக் கூட்டம் எதுவும் அப்போது இல்லை. பல மாதங்கள் காத்திருக்க வேண்டிய நிலை. அதே ஊரில் அலெக்சின் தின்னே என்னும் டச்சுப் பெண் பயணியும் தங்கியிருந்தார். துணிச்சல் மிக்கவர். அவர் மேற்குத் திசையில் துவாரெக் மக்களின் நாட்டுக்குப் போகத் தீர்மானித்தார். நாக்டிகாலோ, சும்மா இருக்கும் நாட்களில் தென்கிழக்கே உள்ள திபெஸ்தி மலையைப் பார்த்து வந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

பரிசுப் பெட்டிகளை முர்சுக்கிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, ஜூன் மாதம் சிறு கூட்டத்துடன் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 35.

வறண்ட தோற்பைகள்

ஜூன், ஜூலை மாதங்களில் சஹாரா எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பகலில் பாறையைத் தொட்டால் கை பொசுங்கும். பாலைவனப் பயணிகள் ஆட்டுத்தோல் பைகளில் தண்ணீரைக் கட்டி ஒட்டகத்தின்மேல் கொண்டுபோவார்கள். ஒரு கிணற்றில் நிரப்பினால் அடுத்த கிணறு வரும்வரை அதுதான் உயிர்.

வழியில் அவர்கள் பாதை தவறிவிட்டார்கள். எதிர்பார்த்த இடத்தில் தண்ணீர் இல்லை. தோற்பைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் எல்லாம் வறண்டுவிட்டன. நாக்கு தடித்துப்போயிற்று. பேச முடியவில்லை. இனி நடக்க முடியாது என்ற நிலையில், ஒரு பாறையின் நிழலில் படுத்துவிட்டார்கள். மருத்துவரான நாக்டிகாலுக்கு, தண்ணீர் இல்லாத உடம்பில் அடுத்து என்னவெல்லாம் நடக்கும் என்பது நன்றாகவே தெரியும்.

அவர்களுடன் வந்த தெடா வழிகாட்டி ஒருவர் தண்ணீர் தேடி முன்னால் போயிருந்தார். அவர் திரும்பி வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. தன்னைக் காப்பாற்றிக்கொண்டு போயிருந்தால் அவரைக் கேட்க ஆளில்லை. ஆனால் அவர் வந்தார். நிரம்பிய தோற்பைகளோடு வந்தார். நாக்டிகாலும் துணைவர்களும் உயிர் பிழைத்தார்கள்.

மலை உச்சியில் ஒரு பள்ளம்

ஒருவழியாகத் திபெஸ்தியின் மேற்கு ஓரத்தை அடைந்தார்கள். அங்கிருந்து மலையின் மறுபக்கத்தில் உள்ள பர்தாய் என்னும் ஊருக்குப் போகவேண்டும். நடுவே உயர்ந்த மேட்டு நிலம். இத்தகைய மேட்டு நிலங்களைத் தெடா மொழியில் தார்சோ என்பார்கள்.

ஏற ஏற நிலத்தின் நிறம் மாறியது. மணலின் மஞ்சள் போய், எரிந்த கரி போன்ற கறுப்பு வந்தது. காலடியில் கூரிய கற்கள். சில கற்களில் தேன்கூட்டில் இருப்பது போலச் சிறு சிறு துளைகள். அருகே துசிதே என்னும் சிகரம். அதன் சரிவுகளில் கரிய பாறைக் குழம்பு வழிந்து அப்படியே உறைந்து கிடந்தது.

அதன் பக்கத்தில்தான் அந்த அதிசயத்தை அவர் கண்டார். நிலம் திடீரென்று முடிந்து, கீழே ஒரு பிரமாண்டமான பள்ளம்! அதன் அகலம் 8 கிலோமீட்டர் வரை இருக்கும். ஆழம் 700 மீட்டருக்கும் மேல். ஒரு சிறிய நகரத்தையே அதற்குள் இறக்கி வைத்துவிடலாம். பள்ளத்தின் அடியில் வெள்ளை வெளேரென்று உப்புப் படிவம். அதன் நடுவே கறுப்பாகச் சிறு கூம்பு மலைகள்.

அந்த வெள்ளைப் படிவம் நாம் சமையலுக்குப் போடும் உப்பு அல்ல. நேட்ரான் என்னும் சோடா உப்பு. அதனால் இந்தப் பள்ளத்தைப் பிற்காலத்தில் நேட்ரான் பள்ளம் என்று பிரெஞ்சு மொழியில் பெயரிட்டு அழைத்தார்கள்.

இது வெறும் பள்ளம் அல்ல, ஓர் எரிமலையின் வாய் என்பதை நாக்டிகால் புரிந்துகொண்டார். பசி, களைப்பு, பயம் எல்லாவற்றுக்கும் நடுவில் தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார்.

மலை எப்படிப் பிறந்தது?

நாக்டிகாலின் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, அவர் கண்ட பள்ளம் எப்படி உண்டானது என்று பார்ப்போம். இதில் பல விவரங்கள் அவர் காலத்துக்குப் பிறகு கண்டறியப்பட்டவை.

நம் காலடியில் இருக்கும் பூமியின் மேலோடு கெட்டியானது. அதற்கு வெகு கீழே கடும் வெப்பம். சில இடங்களில் கீழிருந்து சூடான பொருள் மெல்ல மேலெழுந்து வந்து மேலோட்டை முட்டும். சப்பாத்தி கல்லில் உப்பி எழுவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதுபோல நிலம் புடைத்து எழும். அப்படித்தான் திபெஸ்தி இருக்கும் இடத்தில் மிகப் பழமையான பாறைகள் மேலே தூக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

புடைத்த நிலத்தில் விரிசல்கள் விழுந்தன. அந்த விரிசல்கள் வழியாகப் பாறைக் குழம்பு வெளியே வந்தது. ஒருநாள், ஒரு வருடத்தில் நடந்ததல்ல இது. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, விட்டு விட்டு நடந்தது. சில சமயம் குழம்பு அமைதியாக வழிந்து பரந்தது. அது குளிர்ந்து கறுப்பான எரிமலைப் பாறை ஆயிற்று. சில சமயம் பெரும் வெடிப்பாக வந்து சாம்பலை வாரி இறைத்தது. கொதிக்கும் சாம்பல் படிந்து இறுகி, அதுவும் பாறையாயிற்று.

சரி, மலை உயர்ந்தது. பள்ளம் எப்படி வந்தது? வீடு கட்டக் கொட்டியிருக்கும் மணல் குவியலில் நீங்கள் விளையாடியிருப்பீர்கள். குவியலின் அடியில் கையை விட்டு மணலை உருவினால் என்ன ஆகும்? மேலே இருக்கும் மணல் பொதுக்கென்று உள்ளே இறங்கி, உச்சியில் குழி விழும். எரிமலையிலும் அப்படித்தான். அடியில் தேங்கியிருந்த குழம்பு வெளியேறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. மேலே உள்ள கூரை தாங்க முடியாமல் இடிந்து விழுகிறது. அதனால்தான் நேட்ரான் பள்ளம் அவ்வளவு அகலமாகவும் ஆழமாகவும் இருக்கிறது. எமி கூசி சிகரத்தின் உச்சியிலும் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு.

இன்னோர் அதிசயம் கேளுங்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சஹாராவில் நல்ல மழை பெய்த காலங்கள் இருந்தன. அப்போது நேட்ரான் பள்ளம் ஓர் ஏரியாக இருந்தது. ஏரியில் படிந்த வண்டல் இன்றும் அங்கே இருக்கிறது. திபெஸ்தியின் பாறைகளில் பழங்கால மனிதர்கள் மாடுகளையும் யானைகளையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த மழைதான் மலையைச் செதுக்கியது. மெத்தென்ற சாம்பல் பாறையும் மணற்பாறையும் சீக்கிரம் கரைந்தன. கடினமான எரிமலைப் பாறை கரையாமல் நின்றது. அதனால்தான் திபெஸ்தி இவ்வளவு கரடுமுரடாக, செங்குத்துப் பள்ளத்தாக்குகளும் கூர்முனைகளுமாகக் காட்சி தருகிறது.

அந்த நெருப்பு இன்னும் முழுதாக அணையவில்லை. துசிதே சிகரத்தில் இன்றும் சூடான ஆவி கசிகிறது. சொபொரொம் என்னும் இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. சேறு கொப்புளித்துக் கொதிக்கிறது.

பர்தாயில் ஒரு மாதம்

இப்போது நாக்டிகாலிடம் திரும்பி வருவோம். ஆகஸ்ட் மாதத்தில் அவர் பர்தாயை அடைந்தார். பேரீச்ச மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. தண்ணீரும் நிழலும் கிடைத்தன. ஆனால் வரவேற்பு கிடைக்கவில்லை.

ஊரார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். ஊரைவிட்டு வெளியே போகவும் விடவில்லை. அவரைக் கொன்றுவிட வேண்டும் என்று சிலர் கூச்சல் போட்டார்கள். கூடாரத்தை விட்டு வெளியே வந்தாலே ஆபத்து. அரபு மொழி தெரிந்திருந்தும், பயணம் எதற்கென்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

தெடா மக்கள் ஏன் இப்படி நடந்துகொண்டார்கள்? அவர்கள் கெட்டவர்களா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. திபெஸ்தி மிக ஏழ்மையான மலை. கொஞ்சம் பேரீச்சம்பழம், ஆட்டுப்பால், ஒட்டகம் இவ்வளவுதான் அவர்கள் சொத்து. வடக்கிலிருந்து கொள்ளைக் கூட்டத்தார் வந்து அதையும் பறித்துப்போனதுண்டு. அந்த மலைக்குள் வரும் வழியும் நீர்ச்சுனைகள் இருக்கும் இடமும் வெளியாருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கோட்டை மதில். முன்பின் தெரியாத ஓர் ஆள் திடீரென்று வந்து, மலையைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்கிறார். இவர் எழுதுவதைப் படித்து நாளைக்கு யார் வருவார்களோ என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் நாக்டிகாலுக்காக நின்றார். அவர் பெயர் அராமி. தெடா மக்களின் பெரிய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். தன் பாதுகாப்பில் வந்தவரைக் கைவிடுவது அவருக்கு மானக்கேடு. அவர் இல்லாவிட்டால் நாக்டிகாலின் கதை பர்தாயிலேயே முடிந்திருக்கும்.

ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி ஓடியது. செப்டம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, அராமியின் உதவியோடு நாக்டிகாலும் துணைவர்களும் பர்தாயிலிருந்து தப்பினார்கள்.

திரும்பும் வழி வந்த வழியைவிடக் கொடுமையாக இருந்தது. உடைமைகளில் பெரும்பகுதி போய்விட்டது. உணவு போதவில்லை. பெரும்பாலும் நடந்தே வந்தார்கள். வயதான கத்ரூனியும் கூடவே நடந்தார். அக்டோபர் மாதம் எலும்பும் தோலுமாக முர்சுக் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு துயரச் செய்தி காத்திருந்தது. மேற்கே போன அலெக்சின் தின்னே ஆகஸ்ட் 1 ஆம் தேதி வழியிலேயே கொல்லப்பட்டுவிட்டார். ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட திபெஸ்திக்குப் போனவர் உயிரோடு திரும்பினார். அவரோ திரும்பவில்லை.

ஐந்து ஆண்டுப் பயணம்

இவ்வளவு பட்டபிறகு யாராக இருந்தாலும் ஊர் திரும்பியிருப்பார்கள். ஆனால் பரிசுப் பெட்டிகள் இன்னும் முர்சுக்கில்தானே இருக்கின்றன! ஏற்றுக்கொண்ட வேலையை முடிக்காமல் போக நாக்டிகாலுக்கு மனம் வரவில்லை. மீண்டும் பாலைவனத்தில் இறங்கி, 1870 ஜூலையில் போர்னுவின் தலைநகர் கூக்காவை அடைந்தார். ஷேக் உமரிடம் பரிசுகளை ஒப்படைத்தார்.

அதன்பிறகும் அவர் திரும்பவில்லை. சாட் ஏரியைச் சுற்றியுள்ள நாடுகளைப் பார்த்தார். திபெஸ்திக்குத் தெற்கே உள்ள தாழ்ந்த நிலத்துக்குப் போனார். வறண்ட மணலில் அங்கே மீன் எலும்புகள் கிடந்தன. அந்த நிலம் சாட் ஏரியைவிடத் தாழ்வாக இருப்பதையும், முன்னொரு காலத்தில் அங்கே தண்ணீர் நின்றிருக்க வேண்டும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். இன்றைய ஏரியைப் போலப் பல மடங்கு பெரிய ஏரி ஒன்று அந்தப் பகுதியை நிறைத்திருந்தது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன.

1873 இல் வாடாய் நாட்டுக்குள் சென்றார். அவருக்கு முன் அங்கே போன இரண்டு ஜெர்மானியப் பயணிகள் உயிருடன் திரும்பவில்லை. நாக்டிகாலை அந்நாட்டு மன்னர் அலி மரியாதையாக நடத்தினார். பிறகு தார்ஃபூர் வழியாகக் கார்ட்டூம் சென்று, 1874 இறுதியில் கெய்ரோவை அடைந்தார். போனவர் இறந்துவிட்டார் என்றே பலர் எண்ணியிருந்த நேரத்தில், ஐந்தே முக்கால் ஆண்டுகள் கழித்து வந்து நின்றார்.

சஹாராவும் சூடானும் என்ற தலைப்பில் தன் பயணத்தை மூன்று பாகங்களாக எழுதினார். முதல் பாகம் 1879 இல் வெளிவந்தது. திபெஸ்தி பற்றிய செய்திகள் அதில்தான் உள்ளன. தன்னைக் கல்லால் அடித்த மக்களைப் பற்றியும் அதில் விரிவாக எழுதினார். அவர்களுடைய உறவுமுறை, உணவு, வழக்குகள், மொழி எல்லாவற்றையும் பொறுமையாகப் பதிவு செய்தார். தெடா மக்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

கொடி ஏற்றிய கை

கதையை இத்துடன் முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையை முழுதாகச் சொல்வதுதான் முறை.

1884 ஆம் ஆண்டு ஜெர்மனி அரசு நாக்டிகாலை வேறு ஒரு வேலைக்கு அனுப்பியது. போர்க்கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போய், அங்குள்ள தலைவர்களுடன் ஒப்பந்தம் செய்து, ஜெர்மனியின் கொடியை ஏற்ற வேண்டும். அந்த ஜூலை மாதத்தில் டோகோவும் கேமரூனும் அவர் கையால் ஜெர்மனியின் ஆதிக்கத்தின் கீழ் வந்தன. முதல் உலகப் போரின்போது ஜெர்மனி அவற்றை இழந்தது. உடனே பிரிட்டனும் பிரான்சும் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டன. பிரான்சின் பங்காகப் போன பகுதிகளுக்கு விடுதலை கிடைக்க 1960 ஆம் ஆண்டு ஆயிற்று.

திபெஸ்தியும் தப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சுப் படைகள் அந்த மலைக்குள் புகுந்தன. 1960 இல் சாட் நாடு விடுதலை அடைந்த பிறகும், 1965 வரை அது பிரெஞ்சு ராணுவ நிர்வாகத்தின் பிடியில் இருந்தது.

இப்போது பர்தாயில் கல்லெறிந்த சிறுவர்களை நினைத்துப் பாருங்கள். எழுதுகிற கையைத் தொடர்ந்து என்ன வருமோ என்று அவர்களுடைய பெரியவர்கள் பயந்தார்களே, அந்தப் பயம் வீண் பயம் அல்ல. அறிவைத் தேடிப் போனவரே பிறகு ஆதிக்கத்தின் கொடியையும் சுமந்தார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டும் இருந்தன. பெரியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நாக்டிகால் கப்பலில் நோயுற்றார். 1885 ஏப்ரல் 20 ஆம் தேதி நடுக்கடலில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 51. பின்னர் அவருடைய உடல் கேமரூனில் உள்ள டூவாலா நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

மீண்டும் பர்தாய்

நாக்டிகாலுக்குப் பிறகு பலர் திபெஸ்திக்குச் சென்றார்கள். ஜான் தில்ஹோ என்னும் பிரெஞ்சு அதிகாரி 1912 முதல் 1917 வரை அந்தப் பகுதியை அளந்து வரைபடம் தயாரித்தார். இன்று விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில், பழுப்பு மணலின் நடுவே திபெஸ்தி கரும்புள்ளியாகத் தெளிவாகத் தெரிகிறது. நேட்ரான் பள்ளம் அதில் ஒரு வெள்ளைப் பொட்டு. செவ்வாய்க் கிரகத்தில் உள்ள எரிமலைகளைப் புரிந்துகொள்ள, அதைப் போலவே இருக்கும் எமி கூசியை விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. 1964 ஆம் ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகம் ஒன்று திபெஸ்தி மலையின் பாறைகளையும் பழைய தட்பவெப்பத்தையும் ஆராய ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. சுமார் பத்து ஆண்டுகள் அது இயங்கியது. எந்த ஊரில் தெரியுமா? பர்தாயில்தான்! 95 ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானியர் வெளியே வரவும் அஞ்சிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த அதே ஊரில்.

இனி சஹாராவைப் படம் வரையச் சொன்னால், மணலும் ஒட்டகமும் வரைந்த பிறகு, பின்னால் ஒரு கறுப்பு மலையையும் வரையுங்கள். உச்சியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கட்டும். அதன் விளிம்பில் மூன்று பேர் நிற்கட்டும். குறிப்பேட்டுடன் நிற்பவர் நாக்டிகால். அவரை அங்கே கூட்டிவந்தவர் கத்ரூனி. அவரை உயிரோடு திருப்பி அனுப்பியவர் அராமி.